துவைத்தும் போகாத நாற்றம்

விளையாட்டுக்கென்று வாங்கிய செயற்கை இழைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேற்றுத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்தது. முகர்ந்து பார்த்தால் சோப்பு மணம்தான் வருகிறது. அதை அணிந்து மைதானத்தில் பத்து நிமிடம் ஓடியதும் பழைய புளித்த வாடை கிளம்பிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டாலும் அக்குள் பகுதியிலிருந்து அதே வாடை எழுகிறது. அதே வீட்டில் தாத்தா அணியும் திருப்பூர்ப் பருத்திப் பனியன் தோட்டத்து வேலையில் எவ்வளவு வியர்வையைக் குடித்திருந்தாலும் ஒரே துவைப்பில் தூய்மையாகிவிடுகிறது. சோப்பும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

இது அற்பமான கேள்வி அன்று. கபடி, கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம் எனப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் விடுதி அறையில் கேலிக்கு ஆளாவது இந்த நாற்றத்தால்தான். "ஒழுங்காகக் குளிக்கிறாயா?" என்று கேட்பவர்கள் குற்றத்தைப் பையன்மீது சுமத்துகிறார்கள். ஆராய்ந்து பார்த்தால் குற்றத்தில் பெரும்பங்கு துணிக்கும், அதைத் துவைக்கும் முறைக்கும் உரியது என்று தெரியவருகிறது.

வியர்வைக்கு நாற்றம் உண்டா?

புதிதாகச் சுரந்த வியர்வைக்குப் பெரும்பாலும் நாற்றம் இல்லை. நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ரைன் என்னும் வகை. இவை சுரக்கும் நீர்மத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதி உப்பும் வேறு சில பொருள்களும். உடலைக் குளிர்விப்பதே இதன் வேலை. வெயிலில் கடுமையாக ஓடியாடும் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் இப்படி இழப்பதுண்டு.

அக்குள் போன்ற சில இடங்களில் மட்டும் அப்போகிரைன் என்னும் மற்றொரு வகைச் சுரப்பி உண்டு. பருவ வயதில்தான் இது வேலை செய்யத் தொடங்கும். எட்டு வயதுப் பையன் நாளெல்லாம் ஆடிவிட்டு வந்தாலும் வீசாத வாடை, பதினைந்து வயதில் வீசுவதன் காரணம் இதுதான். இச்சுரப்பி தரும் நீர்மத்தில் புரதமும் கொழுப்பும் கலந்திருக்கும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் தரும் பிசுக்கும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இவற்றை உண்பதற்கென்றே தோலில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அக்குளில் வாழும் கோரினிபாக்டீரியம் வகைகள், வாடையற்ற பெரிய மூலக்கூறுகளை வெட்டி, காற்றில் எளிதில் பறக்கும் சிறிய கொழுப்பு அமிலங்களை விடுவிக்கின்றன. ஸ்டெபிலோகாக்கஸ் இனத்தில் சில, லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவாலெரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. கால் உறையைக் கழற்றியதும் மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் இந்த அமிலத்தினுடையதுதான். வேறு சில ஸ்டெபிலோகாக்கஸ்கள் கந்தகம் கலந்த பொருள்களை வெளியிடுகின்றன. வெங்காயத்தை நினைவூட்டும் அந்த வாடையை மிக மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு கண்டுகொள்ளும்.

ஆக, நாற்றம் என்பது நுண்ணுயிர்களின் சமையல். அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: உணவு, ஈரம், நேரம். இவற்றுள் எதைக் குறைத்தாலும் சமையல் தடைப்படும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு துணியின் பக்கம் வருவோம்.

பருத்தியும் பாலியெஸ்டரும்

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதன் மூலக்கூறு நெடுகிலும் தண்ணீரை விரும்பிப் பிடிக்கும் பகுதிகள் உண்டு. சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டரின் கதை நேர்மாறானது. இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் 1941-இல் கண்டுபிடித்த இழை இது. ஒரு காலத்தில் டெரிலின் என்றும், பருத்தி கலந்தபோது டெரிகாட்டன் என்றும் நம் வீடுகளில் பெருமையாகப் பேசப்பட்டது. இது ஏற்கும் ஈரம் 0.4 சதவீதமே. 200 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டை சும்மா தொங்கும்போதே 17 கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். அதே எடையுள்ள பாலியெஸ்டர்ச் சட்டையில் ஒரு கிராம்கூட இராது.

விளையாட்டு வீரனுக்கு இது வசதிதான். வியர்வை இழைக்குள் போகாமல், இழைகளுக்கு இடையே பரவி விரைவில் ஆவியாகிவிடும். சட்டை கனக்காது, உடலில் ஒட்டாது. ஆனால், தண்ணீரை வெறுக்கும் இழை எண்ணெயை விரும்பும் என்பது வேதியியல் நியதி. தோலின் எண்ணெய்ப் பிசுக்கு பாலியெஸ்டரில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. வாடைப் பொருள்களும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவையாதலால், அவை அந்தப் பிசுக்கில் போய்த் தங்குகின்றன. வெறுந் தண்ணீர் அவற்றைத் தொடுவதே இல்லை. பின்பு உடற்சூடோ இஸ்திரிச் சூடோ படும்போது அவை ஆவியாகிக் கிளம்புகின்றன. இதுதான் முதலில் கண்ட புதிருக்கு விடை.

பருத்தியிலும் இவை நுழையாமலில்லை. ஆனால் பருத்தி ஈரத்தோடு வாடைப் பொருள்களையும் இழையின் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வதால் காற்றில் வெளிவருவது குறைவு. துவைக்கும்போது தண்ணீர் இழைக்குள் புகுந்து அவற்றை வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. 26 பேர் ஒரு மணி நேரம் நிலைச் சைக்கிளை வேகமாக மிதித்தார்கள். அவர்கள் அணிந்திருந்த சட்டைகளைப் பையிலிட்டு ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து, முகர்வதில் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டரின் வாடையே கடுமையானது, விரும்பத்தகாதது என்று தீர்ப்பு வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அக்குளில் வாடையை எழுப்பும் கோரினிபாக்டீரியங்கள் துணியில் வளரவில்லை. மைக்ரோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்திருந்தது. உடல் வாடை வேறு, துணி வாடை வேறு. விடுதியில் கேலி செய்யும் நண்பர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

கம்பளி இழையைப் பற்றியும் ஒரு சொல். 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வாடை மிகக் குறைந்த துணி கம்பளி என்றும், அதே சமயம் பாக்டீரியாக்கள் அதில் நீண்ட நாள் உயிரோடிருந்தன என்றும் கண்டார்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கையும் நாற்றத்தின் அளவும் ஒன்றுக்கொன்று சமம் அல்ல என்பது இதனால் தெரிகிறது. இந்தச் செய்தி பின்னால் நமக்குப் பயன்படும்.

சுதந்திரத்திற்கு முன்பே பனியன் தொழில் வேரூன்றிய திருப்பூர், பருத்திப் பின்னலாடைக்கே பெயர்பெற்ற ஊர். அண்மை ஆண்டுகளில் அங்குள்ள பனியன் கம்பெனிகள் பலவும் பாலியெஸ்டர் விளையாட்டு உடைகளின் பக்கம் திரும்பியிருக்கின்றன. உலகச் சந்தை கேட்பது அதைத்தான். ஆகவே, இந்த நாற்றப் பிரச்சினை கொங்கு நாட்டுக்கு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, தொழிற் பிரச்சினையும்கூட.

வெள்ளாவியின் வேதியியல்

முன்பு நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த முறையை வயதானவர்கள் அறிவார்கள். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து எடுப்பார்கள். அடுப்பின்மேல் இருக்கும் பெரிய பானையைச் சுற்றி அத்துணிகளை அடுக்கி, இரவெல்லாம் நீராவியில் வேகவைப்பார்கள். இதற்கு வெள்ளாவி என்று பெயர். காலையில் ஆற்றில் அலசி, கல்லில் அடித்து, மணலில் விரித்து வெயிலில் காயவைப்பார்கள்.

இதைப் படிப்படியாகப் பாருங்கள். உவர்மண்ணில் உள்ளது சோடியம் கார்பனேட். கடையில் விற்கும் சலவைச் சோடா அதுவே. நாற்றம் தரும் கொழுப்பு அமிலங்கள் அமில நிலையில் இருக்கும்போதுதான் ஆவியாகி மூக்கை எட்டும். காரம் சேர்ந்தால் அவை உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரில் கரையும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியும் காரத்தால் சோப்பாகவே மாறி அழுக்கோடு வெளியேறுகிறது. நீராவியின் வெப்பம் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகில். அதில் துணியிலிருக்கும் பாக்டீரியாக்களில் அநேகமாக எதுவும் தப்பாது. வெயிலும் காற்றும் ஈரத்தை நீக்கிவிடும். உணவு, ஈரம், நேரம் மூன்றுக்கும் ஒரே முறையில் முடிவு! ஆய்வுக்கூடத்தில் வகுத்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாக வகுத்திருக்க முடியாது. இத்தனை அறிவையும் உழைப்பையும் தந்தவர்களுக்கு ஊர் கொடுத்தது கொஞ்சம் தானியமும் தாழ்ந்த இடமும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பருத்தி இந்த வேக்காட்டைத் தாங்கும். பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை தாங்காது. அதில் நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கும் லைக்ரா போன்ற இழை, கடுஞ்சூட்டில் தளர்ந்துவிடும். எனவே நாம் வெள்ளாவியின் தத்துவத்தை வைத்துக்கொண்டு சூட்டைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கது

முதலில் நேரம். ஆட்டம் முடிந்ததும் ஈரச் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, மறுநாள் மாலைவரை மறந்துவிடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. கென்ட் ஆய்வாளர்கள் வாடையை வளர்ப்பதற்காகச் செய்ததை நாம் தினமும் இலவசமாகச் செய்கிறோம். உடனே துவைக்க இயலாவிட்டால் சட்டையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து, காற்றாடத் தொங்கவிட்டாலே போதும். பாதித் தொல்லை குறையும்.

அடுத்து ஊறவைத்தல். கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 40 டிகிரி வெந்நீர் அரை வாளி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அரை மணி நேரம் ஊறவிடலாம். பிசுக்கு உட்புறத்தில்தான் இருக்கிறது. வெளிப்புறத்தை எத்தனை தேய்த்தும் பயனில்லை. வெந்நீர் ஏன் என்றால், தோல் எண்ணெய் குளிர்ந்த நீரில் மெழுகுபோல் இறுகிவிடும், வெதுவெதுப்பில் இளகும். சலவைச் சோடா கையை அரிக்கும். ஆகவே துவைப்பவர் கையுறை அணிவது நல்லது. சமையல் சோடா இதைவிட மென்மையான காரம், வலிமையும் குறைவு.

நாட்பட்ட வாடைக்கு சோடியம் பெர்கார்பனேட் சிறந்தது. ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. சில சலவைத் தூள்களிலும் கலந்திருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். முன்னது கந்தக வாடைப் பொருள்களை ஆக்சிகரணம் செய்து வாடையற்றதாக்கும், பாக்டீரியாவையும் தாக்கும். பின்னது அமிலங்களைக் கவனித்துக்கொள்ளும். சாயம் போகுமா என்று ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கம்பளி, பட்டுக்கு இது கூடாது.

வினிகரும் சோடாவும் கலந்து நுரை பொங்க வைத்தால் அழுக்கு ஓடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமிலமும் காரமும் கலந்தால் ஒன்றையொன்று கொன்று, ஏறக்குறைய பயனற்ற உப்புநீர்தான் மிஞ்சும். பொங்குவது கரியமில வாயு. கண்ணுக்கு விருந்து, துணிக்கு ஒன்றுமில்லை. இது பயனற்றதென்றால், வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடன் கலப்பது ஆபத்தானது. குளோரின் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும். குளியலறைபோல் காற்றோட்டம் குறைந்த இடத்தில் உயிருக்கே உலை வைக்கும். குளோரின் லைக்ரா இழையையும் கெடுக்கும். ஆக, பிளீச்சிங் பவுடரை இவ்வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

துவைக்கும் தண்ணீரும் முக்கியம். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு எளிதில் நுரைக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகத் துணியில் படியும். அந்தத் திப்பியே மறுநாள் வாடைக்கு இருப்பிடம். கட்டிச் சோப்பைவிடச் சலவைத் தூள் அங்கே மேலானது. அதற்காகத் தூளை அள்ளிக் கொட்டக்கூடாது; அலசிப் போகாமல் தங்கிய தூளும் பிசுக்குதான். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களையும் விளையாட்டு உடைகளுக்குத் தவிர்க்க வேண்டும். அவை இழைமேல் மெழுகு போன்ற படலத்தைப் பூசுகின்றன; நாற்றத்தின்மேல் நறுமணத்தைத் தெளித்து உள்ளே பூட்டி வைப்பது போன்ற வேலை அது.

கடைசியாக உலர்த்துதல். இதில் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். துவைத்தபின் நூறில் ஒரு பாக்டீரியா மட்டும் மிஞ்சுவதாகக் கொள்வோம். அரை மணிக்கு ஒருமுறை அது இரட்டித்தால், 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என ஏழே முறையில், அதாவது மூன்றரை மணி நேரத்தில் பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிடும். உணவுக் குறைவும் குளிரும் இந்த வேகத்தைக் குறைக்கும் என்றாலும் போக்கு இதுதான். ஆடிக் காற்றில் கோவையில் துணி விரைவில் உலர்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் நமக்குச் செய்யும் உதவி அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுதி அறைக்குள் கயிறு கட்டி நெருக்கமாகத் தொங்கவிட்ட துணிதான் தொல்லை. ஈரத்துணிக்கே உரிய அந்த முடைநாற்றத்திற்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். உலர்ச்சியையும் புறஊதாக் கதிரையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கக்கூடியது அது. எனவே அந்த வாடை பிடித்த துண்டை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பருத்தித் துண்டாக இருந்தால் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுப்பதே வழி. மழைக்காலத்தில் துணிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியைச் சுழலவிடுங்கள்.

வெள்ளி பூசிய துணியும் நொய்யலும்

"நாற்றம் அணுகாது", "கிருமிகளைக் கொல்லும்" என்ற சீட்டுகளோடு உடைகள் விற்கின்றன. அவற்றிற் பலவற்றில் நுண்ணிய வெள்ளித் துகளோ வேறு கிருமிகொல்லியோ ஏற்றப்பட்டிருக்கும். வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது துணியிலேயே இருக்குமா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெள்ளி ஏற்றிய கால் உறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கைந்து அலசலுக்குள்ளேயே வெள்ளியில் பெரும்பகுதியை இழந்தன; சிலவற்றில் அது நிலைத்திருந்தது. விலை கொடுத்து வாங்கிய வெள்ளி சாக்கடைக்குப் போகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பயன்படுபவையும் பாக்டீரியாக்களே. வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. கிருமிகொல்லிகள்மீது மற்ற நாடுகளிலும் ஐயம் வளர்ந்திருக்கிறது. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கக்கூடாது என்று 2016-இல் அமெரிக்க அரசு ஆணையிட்டது.

நம் பகுதிக்கு இது புதிய பாடம் அல்ல. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாக மாறியதை நாம் கண்டிருக்கிறோம். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. துணிக்குள் எதை ஏற்றுகிறோமோ அது ஒருநாள் ஆற்றுக்கு வரும். ஆலைக் கழிவையாவது குழாயின் வாயில் நின்று தடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுச் சலவைத் தொட்டியிலிருந்தும் சிறிது சிறிதாகப் போவதை யார் தடுப்பது?

முன்பு கம்பளியைப் பற்றிப் பார்த்தோம் அல்லவா? பாக்டீரியா இருந்தும் வாடை குறைவாக இருந்தது. அப்படியானால், கிருமியைக் கொல்லாமலே இழையின் தன்மையை மாற்றி வாடையைக் குறைக்க முடியும். பாலியெஸ்டரோடு பருத்தியைக் கலந்து பின்னுவது, அக்குள் பகுதிக்கு மட்டும் பருத்தி வைப்பது, இழையின் மேற்பரப்பைத் தண்ணீரை விரும்பும்படி மாற்றி எண்ணெய் எளிதில் கழலச் செய்வது ஆகியவை அத்தகைய வழிகள். 1956-இல் தொடங்கிய சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் பொறியியல் கல்லூரிகளும் உள்ள கோவையில், மாணவர்கள் ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான துறை இராது.

பூட்ஸும் காப்புகளும்

துவைக்க முடியாத பொருள்களுக்கு வேறு வழி வேண்டும். ஷூவின் உள்ளட்டையைத் தனியே எடுத்து, கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு நிழலில் காற்றாட வைக்க வேண்டும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுவது நல்லது. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒருநாள் ஓய்வு கொடுப்பது, வசதி உள்ளவர்களுக்குச் சிறந்த வழி. தோல் பூட்ஸையும் குத்துச்சண்டைக் கையுறையையும் கடும் வெயிலில் போட்டால் வெடித்துவிடும்; சோடா நீரும் தோலுக்கு ஆகாது. கபடி ஆட்டக்காரர்களின் முழங்கால் காப்பு, தலைக்கவசத்தின் உள்மெத்தை போன்ற ரப்பர், நுரைப் பொருள்களைச் சலவைத் தூள் கரைத்த நீரில் பலமுறை அமுக்கிப் பிழிந்து, தெளிந்த நீர் வரும்வரை அலசி, நிழலில் உலர்த்தலாம். குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் கிருமி சாகும் என்பது வெறும் வதந்தி; பாக்டீரியா உறங்கும், சாகாது.

ஷூவுக்குள் ஒரு கரண்டி சமையல் சோடாவை இரவில் தூவி, காலையில் உதறிவிடுவது பயனுள்ள முறை. அது ஐசோவாலெரிக் அமிலத்தை உப்பாக்கிவிடும். இதைவிட நல்ல பொருள் ஒன்று நம் பகுதியிலேயே கிடைக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அக்கரியை உயர்ந்த வெப்பத்தில் நீராவியில் பதப்படுத்தினால் கிளர்வூட்டிய கரி கிடைக்கிறது. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர். கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைக்குள் மடிந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாடை மூலக்கூறுகள் அத்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். குடிநீர் வடிகட்டிக்கென்று விற்கும் அந்தக் கரியில் ஒரு கைப்பிடியைப் பழைய பருத்திக் கால் உறையில் கட்டி, ஷூவுக்குள்ளோ விளையாட்டுப் பைக்குள்ளோ போட்டு வைக்கலாம். சாதாரண அடுப்புக்கரியும் ஓரளவு உதவும், ஆனால் அதன் துளைகள் மிகக் குறைவு. மாதம் ஒருமுறை வெயிலில் வைத்தால் கரியில் ஏறிய ஈரம் போகும். ஒட்டிய வாடைப் பொருள்கள் முழுவதும் போய்விடா. சில மாதங்களில் துளைகள் நிரம்பிவிடும். அப்போது அந்தக் கரியைப் பூச்செடியின் மண்ணில் கலந்துவிட்டுப் புதிது போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.